இலத்தீன் மாஸ்டரின் புத்தகங்களுக்கு உறை போட்ட கதை

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் கணவருடைய தமையனின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், எங்கள் பிள்ளைகளாகவே நின்றுவிட்டார்கள். ஆறு பேரும் படித்தவர்கள். ஆறு பேரும் தங்கள் காலில் நிற்கிறார்கள். இதை முதலில் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் பிறகு சொல்லப் போவது எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். தமிழை எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசிப்பேன். செபப் புத்தகம் வாசிப்பேன், கலியாணக் காட் வாசிப்பேன், மரண அறிவித்தல் வாசிப்பேன். ஒரு மனுசிக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நான் கட்டிய மனிதர் இலத்தீன் மாஸ்டர்.

அவர் கத்தோலிக்கச் சுவாமியாராக வரவென்று பன்னிரண்டு வயதில் குருமடத்துக்குப் போனவர். இருபத்திரண்டில் வெளியே வந்துவிட்டார். சுவாமியாராக மனம் வரவில்லை, இலத்தீனை விடவும் மனம் வரவில்லை. அதே இடத்திலேயே சின்னப் பெடியன்களுக்கு இலத்தீன் படிப்பிக்க அவரை வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கலியாணம் ஆகிற காலத்தில், அதுவரை இலத்தீனில் நடந்த கோயில் பூசையைத் தமிழுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு இலத்தீன் பாடம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனது. சரித்திரமும் இங்கிலீஷும் படிப்பிக்கக் கொடுத்தார்கள். அவர் படிப்பித்தார். ஆனால் தனக்கென்று ஒவ்வொரு நாளும் இலத்தீன் வாசித்தார். மற்ற ஆம்பிளைகள் காலையில் பேப்பர் பார்ப்பதுபோல அது அவருக்கு.

அதை வைத்து அவரைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் கோயில் வாசலில் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், உங்கட இலத்தீன் கதைக்கிற ஊர் எந்தப் பக்கம் கிடக்கு?" இவர் கோபிக்கவில்லை. "அதுக்கு ஊர் இல்லை தம்பி. ஊர் இல்லாததால விசாவும் தேவையில்லை. எனக்கு அதுதான் வசதி" என்றார். அந்த நேரம் பாதிப் பேருடைய விசா அலுவல் முடியாமல் கிடந்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே அவருக்குக் கிடைத்தது டவுன்ரவுனில் ஒரு பார்க்கிங் லொட்டில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வருகிற கார்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். படித்த மனிதருக்கு இப்படி ஒரு வேலையா என்று பிள்ளைகள் கவலைப்பட்டார்கள். அவருக்கு ஒரு கவலையும் இல்லை. வாசிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று என்னிடம் சொன்னார். ஒரேயொரு முறை முதலாளி ஏசினாராம், ஒரு கார்க்காரரைக் காக்க வைத்துவிட்டதற்கு. இவர் ஒரு நீண்ட வசனத்தின் நடுவில் நின்றிருக்கிறார். பாதியில் விட முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தக் கூண்டில் இருந்தார்.

நான் ஒன்பது வருஷம் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸுக்குப் போனேன். விடிய முன் வானில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெட்டிகளைப் பார்த்துத் தட்டில் அடுக்குகிற வேலை. எழுத்துத் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். கையில் ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டில் இருக்கிற கோடும் வளைவும் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதை எடுத்து வைத்தால் போதும். நான் ஒருநாளும் பிழையாக வைத்ததில்லை. சூப்பர்வைசர் என்னைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுடையது மோர்னிங்சைட் பக்கம், பதினோராம் மாடியில் இரண்டு அறை உள்ள அப்பாட்மென்ற். ஒரு அறையில் நாங்கள், மற்ற அறையில் புத்தகங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது மூன்றே மூன்று புத்தகம். இடம்பெயர்ந்தபோது நான் அரிசியும் பிள்ளைகளின் உடுப்பும் தூக்க, அவர் பள்ளிக்கூடப் பையில் அந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுதக் கூடாது. மிச்சமெல்லாம் இங்கே சேர்த்தவை. லைபிரறியில் பழைய புத்தகங்களைக் கழித்து விற்கிற நாட்களில் நாங்கள் சாமான் வண்டிலையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். நானும் தேடுவேன். பழசாக, படம் இல்லாமல், ஒருவரும் தொடாமல் மூலையில் கிடந்தால் அது எங்களுடையது. முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும்.

அவர் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவர். அடுக்குவது நான். எனக்கு ஒவ்வொரு புத்தகத்தையும் அதன் உடம்பை வைத்துத் தெரியும். முதுகு கழன்றது மொட்டையன். சிவப்பு நாடா தொங்குவது ஒன்று. அவர் காலைச் சாப்பாட்டை மேலே கொட்டிக்கொண்டது முட்டைக்கறை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவற்றில் ஒன்றைக் கறையான் அரித்துவிட்டது, மட்டையில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதன் பெயர் கறையான். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் அவைதான் பெயர். ஆட்கள் வந்திருக்கிறபோது அவர் உண்மையான இலத்தீன் பெயரைச் சொல்லுவார். அதுவும் எனக்குப் பாடம். நான் போய் ஒரே எடுப்பில் கொண்டுவந்து கொடுப்பேன். அவரிடம் முன்பு படித்த ஒரு சுவாமி இதைப் பார்த்துவிட்டு, மாஸ்டரோடு இருந்து அன்ரியும் இலத்தீன் படித்துவிட்டா என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டேன். பிள்ளைகளும் அப்படியே நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

கலியாணமாகி முதல் மாதம் அவர் எனக்கு இங்கிலீஷ் எழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். நாலைந்து நாள் படித்தேன். ஒருநாள் அவருடைய தங்கச்சி பக்கத்தில் இருக்க, ஒரு வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என்ன வாசித்தேனோ தெரியாது, இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கச்சி சிரித்ததை மறந்துவிட்டேன், அது பிள்ளை. அவர் சிரித்ததை மறக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இனிமேல் எனக்கு நீங்கள் ஒரு எழுத்தும் சொல்லித் தர வேண்டாம் என்று சொன்னேன். பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டார். இங்கே வந்த பிறகும் கேட்டார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான். என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள்.

அவருக்கு எண்பத்திரண்டு வயதில் கண் போகத் தொடங்கியது. பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. கரையில் இருப்பது தெரியும், பார்க்க நினைப்பது தெரியாது. முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், பிறகு அதுவும் உதவவில்லை. பேத்தி தன்னுடைய போனில் புத்தகம் வாசிக்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். இங்கிலீஷை அது நன்றாக வாசித்தது. இலத்தீனையும் இங்கிலீஷ் மாதிரியே வாசித்தது. அவர் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உதை நிப்பாட்டு. உவன் ஆரோ பாவத்தைக் கழுத்தில பிடிச்சு நெரிக்கிறான்" என்றார்.

ஆனாலும் அவர் புத்தகத்தை விடவில்லை. காலைக் கஞ்சி குடித்த பிறகு கறையானைக் கொண்டுவரச் சொல்லுவார். அது கடிதப் புத்தகம். ஒரு பழைய ரோமாக்காரர் தன்னுடைய சிநேகிதருக்கு எழுதிய கடிதங்கள். ஊரார் காகிதத்தை நாற்பது வருஷமாக வாசிப்பது ஒரு மரியாதையா என்று நான் கேட்பேன். எழுதினவர் கோபித்தால் பதில் போடுவாரே, இன்னும் போடவில்லை என்பார். அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, இதுதான் என்று கண்டுகொண்டு மடியில் வைப்பார். பல புத்தகங்களில் செய்வதுபோல இதிலும் பக்கங்களுக்கு நடுவில் துண்டுக் காகிதம் வைத்திருப்பார். அந்த இடத்தைத் திறந்து பாடமாக இருப்பதைச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு வரி போகும், மூன்றாவதில் நின்றுவிடும். திரும்ப முதலில் இருந்து தொடங்குவார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தட்டுத் தடுமாறினாலும் வாசிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

அவருடைய எண்பத்துமூன்றாவது பிறந்தநாள் மார்ச் மாதத்தில் வந்தது. கடைசி மகள் விட்பியில் இருக்கிறாள். அப்பாட்மென்ற்காரர் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறார்கள், மணம் ஆகாது, ஒரு கிழமை எங்களோடு வந்து நில்லுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். பெயின்ற் அடித்தது உண்மை. ஆனால் மகளும் அவளுடைய மகளும் ஒவ்வொரு நாளும் வெளியே போய் வந்தார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூட விடுமுறை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பிறந்தநாள் அன்று எங்களைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். புத்தக அறையைத் திறந்து காட்டினார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் பிறவுண் பேப்பரில் உறை.

வருஷத் தொடக்கத்தில் பிள்ளைகளின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் உறை போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். மடிப்பு நேராக வர வேண்டும், மூலை பிதுங்கக் கூடாது. ஆறு பிள்ளைகளுக்கும் நான்தான் போட்டேன். மகள் அதை என்னிடம்தான் பழகினாள், ஆகவே நன்றாகத்தான் போட்டிருந்தாள். கழன்ற முதுகுகளைப் பசை போட்டு ஒட்டி, உறையை மட்டையோடு ஒட்டுகிற ரேப்பால் இறுக்கி, வெள்ளை லேபல் ஒட்டி, பேத்தி அதில் பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருந்தாள். எழுத்து வரிசைப்படி அடுக்கியும் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

"அப்பாவுக்குத்தான் கண் தெரியாது. அம்மாவுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு பெரிசா எழுதியிருக்கிறம்" என்றாள் மகள்.

(இதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பேத்திதான். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை, உன்னில் பிழை இல்லை.)

அவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். இன்னொன்றைத் தடவிவிட்டு நல்ல வேலை என்றார். மூன்றாவதுக்கும் சொன்னார். எதையும் மூன்று தரம் சொல்லுகிற மனிதர் அல்ல அவர்.

அடுத்த நாள் கஞ்சி குடித்துவிட்டுக் கறையானைக் கேட்டார். நான் போய் அந்த அறையில் நின்றேன். வேர்ஹவுஸில் என் கையில் சீட்டு இருந்தது, அதே மாதிரியைத் தேடினால் போதும். இங்கே என் கையில் ஒன்றும் இல்லை, காதில் ஒரு பெயர் மட்டும்தான். பருமனைப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் விரலால் ஓட்டையைத் தேடினார். காகிதம்தான் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தார், துண்டு இல்லை. "சரி, இண்டைக்கு இது காணும்" என்று சொல்லிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அடுத்த நாளும் பிழையான புத்தகம். அதற்கு அடுத்த நாள் அவர் கேட்கவேயில்லை.

உறையைக் கழற்றினால் என்ன என்று நினைத்து ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். ரேப்போடு சேர்ந்து மட்டையின் தோலும் உரிந்து வந்துவிட்டது. பழைய புத்தகங்கள் அல்லவா. அது முட்டைக்கறை. கறை இருந்த இடமே போய்விட்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

நாலாம் நாள் நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் மகளோடு போனில் கதைப்பது கேட்டது. இலத்தீன் படிப்பிக்கிற கொலேஜ் ஏதாவது இருந்தால் விசாரி, புத்தகங்களைக் கொடுத்துவிடுவோம் என்றார். கண் போனவனுக்குப் புத்தகம் எதற்கு என்றார். மகள் ஏதோ சொன்னாள். இல்லைப் பிள்ளை, நான் யோசித்துத்தான் சொல்கிறேன் என்றார்.

நான் கத்தியை வைத்துவிட்டேன். கண் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷமும் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகளிடம் இரண்டே இரண்டு வசனம் சொன்னால் போதும்: அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, வந்து கறையானை எடுத்துத் தந்துவிட்டுப் போ. அவர் அதைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுப்பதைவிடப் புத்தகங்களைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இதை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியும் இல்லை, ஐம்பத்தாறு வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறேன்.

மகள் கெட்டிக்காரி, இரண்டு நாளில் ஒரு கொலேஜைப் பிடித்துவிட்டாள். மூன்று கிழமையில் வான் அனுப்புவார்களாம். வான் வருகிற அந்தச் சனிக்கிழமை காலையில் மகள் வந்து பெட்டிகளில் அடுக்குவதென்று முடிவானது.

இரண்டு நாள் யோசித்தேன். மகளிடம் நானே சொல்லிவிடலாம். சொன்னால் அவள் கறையானை எடுத்துத் தருவாள், ஆனால் நாளைக்கு மொட்டையனைக் கேட்டால்? அதைவிட, வாய் வரவில்லை. ஆறு பேருடைய படிப்பை நான் மேய்த்தவள். அவர்களிடம் போய் எனக்கு எழுத்துத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கடைசியில், பேரப்பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது விளையாடிய பிஸ்கற் தகரம் ஒன்றை அலுமாரிக்குள் இருந்து எடுத்தேன். குசினியில் பிறிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்த எழுத்துகள் அதற்குள் கிடந்தன. அதைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.

"இஞ்சேருங்கோ. எனக்கு எழுத்துச் சொல்லித் தாங்கோ."

அவர் தகரத்தின் மூடியைத் திறந்தார். பிறகு, "என்ன எழுத்து?" என்றார்.

"உந்த லேபலுகளில கிடக்கிற எழுத்து. நீங்கள் சிரிச்சால் நான் எழும்பிப் போயிடுவன்."

அவர் தகரத்துக்குள் கையை விட்டு ஒரு எழுத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அண்டைக்குச் சிரிச்சது என்ர பிழை. அதை நான் அப்பவே சொல்லியிருக்கவேணும்."

"அது எனக்குத் தெரியும். கையில கிடக்கிறது என்ன எழுத்து, அதைச் சொல்லுங்கோ."

அப்படித்தான் தொடங்கியது. அவருக்குக் கண் தெரியாது, ஆனால் விரலுக்கு அந்தப் பிளாஸ்ரிக் எழுத்துத் தெரியும். எனக்குக் கண் தெரியும், எழுத்துத் தெரியாது. அவர் தடவிச் சொல்ல நான் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். மொத்தம் இருபத்தாறாம். தகரத்துக்குள் ஒன்று குறைந்தது. எது என்று தேடிப் பார்த்துவிட்டு, அது K, பரவாயில்லை, இலத்தீனுக்கு அது தேவைப்படுவதே குறைவு என்றார். இன்னும் ஒன்றிரண்டையும் அப்படியே ஒதுக்கி வைத்தார். எனக்குப் பெரிய நிம்மதி. E என்பது பல்லு உடைந்த சீப்பு. Q என்பது வால் முளைத்த தோசை. அவருக்கு நான் அப்படிச் சொல்லச் சொல்ல வாய் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவர் ஐந்து எழுத்தை வரிசையாக வைத்து வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷ் மாதிரி இல்லை, இலத்தீனில் எழுதியிருப்பதைத்தான் வாயால் சொல்ல வேண்டும், ஒளித்து வைப்பது ஒன்றும் இல்லை என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்த்துப் பார்த்தேன். பாத்தெர்.

அது எனக்குத் தெரிந்த சொல். ஏழு வயதில் இருந்து பூசையில் கேட்டுச் சொல்லிப் பாடமாக்கிய சொல். தமிழுக்கு மாற்றும்வரை நாங்கள் எல்லோரும் கோயிலில் இலத்தீனில்தான் மறுமொழி சொன்னோம், கருத்துத் தெரியாமல். சின்ன வயசில் வாயில் போட்டது இன்னும் அப்படியே கிடந்தது. பாத்தெர் என்றால் தகப்பன் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுவிட்டது. பாதிச் சொற்கள் ஏற்கனவே வாய்க்குப் பழகியவை மாதிரி இருந்தன.

பத்தாம் நாள் புத்தக அறைக்குப் போய் லேபல்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கறையானைக் கண்டுபிடித்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். உறைக்கு மேலால் அழுத்திப் பார்த்தார். பேப்பருக்குக் கீழே ஓட்டை இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்ததாம். திறந்தார், துண்டு இருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார்.

நான் பார்த்தால் உள்ளே வேறு எழுத்துகள். நான் படித்தது பெரிய எழுத்து, லேபலிலும் அதுதான். புத்தகத்துக்குள் இருப்பது சின்ன எழுத்தாம், அது இன்னொரு இருபத்தாறாம். அத்தனை வருஷம் படிப்பித்த மனிதர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அன்றைக்கு நான் அவருக்கு மத்தியானம் சோறு போட்டேன், கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நானே புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. தகரத்தில் சின்ன எழுத்து இல்லாதபடியால் அவர் விரலால் என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். வான் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன் முதல்முறையாக ஒரு முழு வரியை நிற்காமல் வாசித்தேன். நடுவில் அவர் சிரித்துவிட்டார்.

நான் வாசித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எழும்பவில்லை. எழும்பினால் வரி தவறிவிடும்.

"என்னத்துக்குச் சிரிக்கிறியள்?"

"நீர் பூசை ராகத்தில வாசிக்கிறீர். கடிதத்தை ஆரும் உப்பிடி வாசிக்கிறேல்லை. குருமடத்தில எங்களுக்குப் படிப்பிச்ச கிழட்டுச் சுவாமி இப்பிடித்தான் வாசிப்பார். வாசியும், வாசியும், நிப்பாட்டாதையும்."

நான் வாசித்தேன். கருத்து என்ன என்று கேட்டேன். சிநேகிதர் கனகாலம் கடிதம் போடவில்லையாம், ஏன் என்று கேட்கிறாராம். அவருக்குச் சுகமில்லையோ என்னவோ என்று நான் சொன்னேன். அதைத்தான் அவரும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறார் என்றார்.

சனிக்கிழமை மகள் மடித்த பெட்டிகளோடு வந்தாள், பேத்தியும் வந்தாள். மகள் ஒரு பெட்டியை விரித்து அடியில் ரேப் ஒட்டிவிட்டு எந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குவது என்று கேட்டாள். அவர் பல்கனிப் பக்கம் கதிரையில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

இரு பிள்ளை என்று சொல்லிவிட்டு, கறையானை எடுத்துவந்து துண்டு வைத்த இடத்தைத் திறந்து, எட்டு வரி வாசித்தேன். ஆறுதலாகத்தான் வாசித்தேன். இரண்டு இடத்தில் அவர் திருத்தினார். பேத்தி கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு உண்மையிலேயே இலத்தீன் தெரியுமோ?" என்று மகள் கேட்டாள்.

"இலத்தீன் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். அதுவும் மூண்டு கிழமைக்கு முதல் தெரியாது."

அவளுக்கு விளங்கவில்லை. முழுவதையும் சொன்னேன். கறையான், மொட்டையன், முட்டைக்கறை எல்லாவற்றையும் சொன்னேன். உறை போட்ட பிறகு எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதைச் சொன்னேன். அப்பா ஏன் கொடுக்கச் சொன்னார் என்று நான் நினைக்கிறேனோ அதையும் சொன்னேன். அவர் முகத்தைப் பல்கனிப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் கேட்டுக்கொண்டே பெட்டியில் உட்கார்ந்தாள். அது வெறும் பெட்டி, அப்படியே அமுங்கிப்போய் அவளும் நிலத்துக்கு வந்துவிட்டாள். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அப்ப நான் ஹைஸ்கூலில கொண்டுவந்த ரிப்போட் காட் எல்லாம்? ஒவ்வொண்டாப் பார்த்து, இதில ஏன் குறைஞ்சது எண்டு கேட்டுத்தானே சைன் வைச்சனீங்கள்."

"நான் காட்டை எங்க பார்த்தன்? உன்ர முகத்தைப் பார்த்துத்தான் சைன் வைச்சனான்."

அவள் நிலத்தில் இருந்தபடியே சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு திரும்பவும் சிரித்தாள். உறையை எல்லாம் எப்படியாவது கழற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம், தோல் உரியும், இப்போது எனக்கு லேபல் வாசிக்க வரும் என்று சொன்னேன். பேத்தி அழுகிற மாதிரி நின்றாள். எழுத்து வடிவாக எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்குச் சுகமாகப் பிடிபட்டது என்று அவளுக்குச் சொன்னேன். அது பொய் இல்லை.

மகள் அந்தக் கொலேஜுக்குப் போன் எடுத்தாள். வான்காரருக்கு வீண் அலைச்சலாக இருக்கக் கூடாது என்பதற்காக அவர் இரண்டு பெட்டி கொடுத்தார், ஒரே புத்தகம் இரண்டாகக் கிடந்தவையும் தனக்குப் பிடிக்காதவையும். பிடிக்காதது என்று ஒன்று இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்தெந்தப் புத்தகம் என்று அவர் பெயர் சொல்ல, லேபலை வாசித்து எடுத்துக் கொடுத்தது நான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம். இப்போதும் கஞ்சி குடித்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருப்போம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். என்னுடைய கண்ணும் பழைய கண் இல்லை, அதற்கு மேல் முடியாது. நான் வாசிப்பேன், அவர் தமிழில் சொல்லுவார், நான் என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லுவேன். அந்த ரோமாக்காரர் கொஞ்சம் தற்பெருமைக்காரர் என்பது என் எண்ணம். எல்லாக் கடிதத்திலும் தன்னுடைய கதைதான். நீரும் உம்முடைய கதையை எழுதிப் பாரும், அப்போது தெரியும் என்று இவர் சொன்னார். அதனால்தான் இதைச் சொல்லத் தொடங்கினேன். எழுதினது பேத்தி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். எழுத்துப் பிழை பார்ப்பது அவளுடைய தாய்.

கறையானில் இன்னும் பதினொரு கடிதம் இருக்கிறது. முடிந்தால் முதலில் இருந்து தொடங்குவதாக அவர் சொல்லியிருக்கிறார். மொட்டையனில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கும் விருப்பம். அதைப் பிறகு அவரோடு கதைக்க வேண்டும்.

இவ்வளவுதான் பிள்ளை. இப்போது முதலில் இருந்து ஒருக்கால் வாசி, நான் சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்போம். ஆறுதலாக வாசி. சத்தமாக வாசி, அம்மப்பா அங்கே கதிரையில் இருக்கிறார், அவருக்கும் கேட்கட்டும். அவர் இடையில் சிரித்தாலும் நீ நிறுத்தாதே, விரலை வரியில் வைத்துக்கொண்டு வாசி.